பீஞ்சமந்தைக்கு ஏறும் முகாம் லாரி: டிஷ் இணைப்பு ஏன் அறுந்தது, எப்படிச் சரியானது – ஒரு நிகழ்வு ஆய்வு

வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பக்கம், ஜவ்வாது மலைமேல் இருக்கும் பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை போன்ற ஊர்களுக்குக் கண் பரிசோதனை முகாம் நடத்தப் போகும் மூடிய பாடி லாரி இது. ஒடுகத்தூரைத் தாண்டி மலைக்குள் போகப் போக செல்போன் சிக்னலை நம்ப முடியாது. விழித்திரைப் படங்களை அன்றைக்கே கீழே இருக்கும் மருத்துவருக்கு அனுப்பியாக வேண்டும். அதனால் உரிமம் பெற்ற வி-சாட் (சிறு டிஷ் வழியாகச் செயற்கைக்கோள் இணைப்பு) சேவையாளர் ஒருவரிடம் இணைப்பு வாங்கி, லாரியின் கூரையில் 98 செ.மீ. ஆஃப்செட் டிஷ்ஷும் (ஃபீட் நடுவில் இல்லாமல் ஓரமாக நிற்கும் வகை) 3 வாட் பி.யூ.சி.யும் (சிக்னலை மேலே அனுப்பும் பெட்டி) ஏற்றினார்கள். பாடிக்குள் மோடம், வைஃபை ரவுட்டர், இரண்டு லேப்டாப், கேமராவும் அதற்கான கணினியும் இருந்தன. லாரி 24 வோல்ட். இரண்டு 12 வோல்ட் 100 ஆம்பியர் மணி பேட்டரிகள் தொடராகக் கட்டப்பட்டவை.

மூன்று புகார்கள் வந்தன. ஆட்கள் பின்படியில் ஏறி இறங்கும்போதெல்லாம் இணைப்பு அறுகிறது. இன்ஜினை நிறுத்திய ஒரு மணி நேரத்துக்குள் மோடம் தானாக அணைந்து அணைந்து எரிகிறது. மதியம் 12 மணிக்கு மேல் படம் அனுப்புவது நத்தை வேகமாகிறது. முகாமில் இருந்தவர்களின் சந்தேகம் முதலில் செயற்கைக்கோள் மீதும் சேவையாளர் மீதும்தான் போனது. ஆனால் அதே நேரத்தில் செயற்கைக்கோளின் அதே பீமில் (அலை விழும் அதே பகுதியில்) இருந்த மற்ற இடங்கள் ஒழுங்காக ஓடியதை ஹப் (சேவையாளரின் தரை மையம்) பதிவுகள் காட்டின. மூன்று புகாருக்கும் வேர் லாரிக்குள்ளேயே இருந்தது: ஸ்பிரிங் பட்டையில், பேட்டரி வயரில், கூரைத் தகட்டின் அடியில்.

டிஷ் பார்க்கும் திசை

இணைப்பு 74 டிகிரி கிழக்கில் நிற்கும் ஜிசாட்-11 வழியாக. 5,854 கிலோ எடையுள்ள இந்தச் செயற்கைக்கோள் 2018 டிசம்பர் 5 அன்று பிரெஞ்சு கயானாவின் கூருவிலிருந்து ஏரியான்-5 ராக்கெட்டில் ஏவப்பட்டது. வேலூரில் நின்று பார்த்தால் இதன் அசிமுத் (கிடைத்திசைக் கோணம்) உண்மை வடக்கிலிருந்து சுமார் 202 டிகிரி, அதாவது தெற்கிலிருந்து கொஞ்சம் மேற்கே. எலிவேஷன் (அடிவானத்திலிருந்து உயரக் கோணம்) ஏறக்குறைய 73.7 டிகிரி. கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல் என்றே சொல்லலாம்.

இதில் நன்மை உண்டு. மலைமுகடும் பக்கத்து மரமும் அவ்வளவாக மறைக்காது. மழைக்குள் அலை கடக்கும் தூரமும் குறைவு. இதிலேயே ஒரு சிக்கலும் இருக்கிறது. டிஷ் இவ்வளவு நிமிர்ந்து பார்க்கும்போது அசிமுத்தில் 1 டிகிரி பிசகினால் வானத்தில் அது 0.28 டிகிரி பிசகுதான். எலிவேஷனில் 1 டிகிரி பிசகினால் முழு 1 டிகிரியும் பிசகு. ஆக, லாரி வலம் இடமாகக் கொஞ்சம் திரும்பி நின்றால் பெரிதாகக் கெடுதல் இல்லை. சாய்ந்தால்தான் கெட்டது. பக்கவாட்டில் சாய்ந்தாலும் முன்பின்னாகச் சாய்ந்தாலும் சாய்வு கிட்டத்தட்ட முழுசாக டிஷ்ஷின் பீமில் (அது அனுப்பும் அலைக் கதிரில்) இறங்கும்.

அந்தச் சாய்வை அளந்து பார்த்தார்கள். பின்படியில் மூன்று பேர் ஏறி வலது ஓரமாக நின்றதும் பாடியின் வலப்பக்கம் 18 மி.மீ. தாழ்ந்தது. சக்கர இடைவெளி 1.7 மீட்டர். கணக்குப்படி 0.6 டிகிரி. 98 செ.மீ. டிஷ்ஷுக்கு 14 கிகாஹெர்ட்ஸில் பீமின் அகலம் சுமார் 1.5 டிகிரி. 0.6 டிகிரி சாய்வு மட்டும் என்றால் இழப்பு 2 டெசிபெல்லுக்குள் அடங்கும், மோடம் வேகத்தைக் குறைத்துக்கொண்டு சமாளித்துவிடும். ஆனால் டிஷ்ஷைத் திருப்பி வைத்ததிலேயே ஏற்கெனவே அரை டிகிரி பிசகு இருந்தது. சிக்னல் மீட்டர் பச்சை காட்டியதும் அங்கேயே முறுக்கிவிட்டிருந்தார்கள். இரண்டும் ஒரே பக்கம் சேர்ந்தால் 1.1 டிகிரி. அப்போது இழப்பு 6 டெசிபெல்லைத் தாண்டும். அங்கேதான் இணைப்பு அறுந்தது. பிசகு கூடக் கூட இழப்பு அதன் இருமடிப்படி ஏறுவதால், தனித்தனியாகப் பார்த்தால் குற்றமற்றவையாகத் தெரிந்த இரண்டு சின்னத் தவறுகள் சேர்ந்ததும் இணைப்பைக் கொன்றுவிட்டன.

இன்னொன்றும் இதில் அடங்கியிருக்கிறது. நேரே பார்க்காத டிஷ் பக்கத்துச் செயற்கைக்கோள் மீதும் அலையை வீசும். அடுத்தவர் இணைப்பைக் கெடுக்கும் வேலை அது. உரிமம் இல்லாத டிஷ்ஷை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கூரையில் கட்டுவது சட்டப்படி குற்றம் என்பதற்கு இதுவும் ஒரு நியாயமான காரணம்.

கூரை மவுன்ட்

பழைய மவுன்ட் நான்கு 10 மி.மீ. போல்ட்டில் கூரைத் தகட்டோடு கட்டப்பட்டிருந்தது. தகடு 1.2 மி.மீ. கனம்தான். கையால் அழுத்தினால் மிக்சர் டப்பா மூடி மாதிரி உள்ளே போய் வெளியே வந்தது. மேலும் மழைநீர் இறங்காமல் இருக்கட்டும் என்று பேஸ் பிளேட்டுக்கு அடியில் கனமான ரப்பர் ஷீட் போட்டிருந்தார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் டிஷ்ஷின் எடை முழுவதும் ரப்பர் மீது நின்றது. காற்று அடித்தால் ரப்பர் அமுங்கி டிஷ் ஆடியது.

ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் இதைப் பிரித்து மறுபடி கட்டினார்கள். 50 × 50 × 5 மி.மீ. சதுரக் குழாய் இரண்டை, கூரைக்கு அடியில் பாடியின் முழு அகலத்துக்கும் ஓடவிட்டு, இரு முனையையும் பக்கத் தூண்களோடு வெல்டிங் செய்தார்கள். வெல்டிங் வைக்கும் முன் லாரி பேட்டரியின் இரண்டு டெர்மினலையும் கழற்ற வேண்டும், இன்ஜின் கன்ட்ரோல் யூனிட் இருந்தால் அதன் பிளக்கையும் எடுத்துவிட வேண்டும். வெல்டிங் எர்த் கிளாம்ப்பை வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே போட வேண்டும். எங்கோ சேஸில் மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாகவும் எலெக்ட்ரானிக்ஸ் வழியாகவும் போய்க் கெடுத்துவிடும்.

கூரைக்கு மேலே 400 × 400 × 10 மி.மீ. பேஸ் பிளேட். அதிலிருந்து எட்டு எம்-12, கிரேடு 8.8 போல்ட்டுகள் சதுரக் குழாய்க்குள் இறங்குகின்றன. ஒவ்வொரு போல்ட்டுக்கும் கூரைத் தகட்டைத் துளைத்துப் போகும் இரும்பு புஷ் ஒன்று. பிளேட்டின் எடை புஷ் வழியாக இரும்பிலிருந்து இரும்புக்கு நேராக இறங்கும். ரப்பர் வளையம் புஷ்ஷைச் சுற்றி, நீர் தடுக்க மட்டும். இந்த ஒரு மாற்றம் ஆட்டத்தில் பாதியைத் தீர்த்தது. குழாய்க்குள் போல்ட் முறுக்கும்போது குழாய்ச் சுவர் நசுங்காமலிருக்க உள்ளேயும் ஒரு புஷ் வேண்டும். முறுக்கு 75 முதல் 80 நியூட்டன் மீட்டர். நைலாக் நட் போட்டால் ஸ்பிரிங் வாஷர் தேவையில்லை.

இடைவெளி அடைக்கப் பாலியூரித்தேன் சீலன்ட். புளிப்பு வாடை வீசும் மலிவு சிலிகான் வேண்டாம். அதிலிருந்து வெளியேறும் அசிட்டிக் அமிலம் ஜி.ஐ. பூச்சை அரிக்கும், ஆறு மாதத்தில் துரு வரும்.

ஓடும்போது டிஷ் மடிந்தே இருக்க வேண்டும். நிமிர்ந்திருந்தால் 80 கி.மீ. வேகத்தில் அதன் மீது ஏறக்குறைய 26 கிலோ எடைக்குச் சமமான காற்றுத் தள்ளல் விழும். மலைப்பாதையில் கிளையும் இடிக்கும். மடித்ததும் லாக் பின், அதன்மேல் ஒரு ராட்செட் பெல்ட். டிஷ் நிமிர்ந்திருக்கையில் ஹேண்ட்பிரேக்கை விடுவித்தால் கத்தும் பஸ்ஸர் ஒன்றும் வைத்தார்கள். ஓட்டுநர் மறப்பது இயல்பு. அந்த மறதியைப் பஸ்ஸர் பிடித்துக்கொள்ளும். மடித்த நிலையில் மொத்த உயரத்தை அளந்து கேபினுக்குள் எழுதி ஒட்ட வேண்டும். பாடியில் மாற்றம் செய்வது மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-க்குள் வருவதால் வேலை தொடங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

ஸ்பிரிங்கை அடக்கும் ஜாக்கி

மவுன்ட் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் லாரி பட்டை மீது நிற்கும்வரை ஆட்டம் போகாது. சேஸின் நான்கு மூலையிலும் 5 டன் திருகு ஜாக்கி கட்டப்பட்டது. ஹைட்ராலிக் வேண்டாம். நாள் முழுக்க நிற்கும்போது சீல் வழியாக எண்ணெய் மெல்ல இறங்கி ஒரு மூலை தாழும். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கவும் தேவையில்லை. பட்டையின் சுமை ஓரளவு ஜாக்கிக்கு மாறும்வரை திருகினால் போதும். சக்கரம் தரையிலேயே இருப்பதால் பிரேக்கும் பிடித்திருக்கும். அதோடு சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும்.

ஜாக்கிக்கு அடியில் 300 × 300 மி.மீ., 50 மி.மீ. கனமான மரப்பலகை. வெறும் மண்ணில் ஜாக்கியின் அடி குத்திக்கொண்டு இறங்கும். மழை பெய்த மண்ணாக இருந்தால் முகாம் ஆரம்பித்த ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு முறை ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். பேஸ் பிளேட் மேலேயே இரண்டு ரசமட்டம் ஒட்டியிருக்கிறது, ஒன்று நீளவாக்கில், ஒன்று குறுக்கே. ஜாக்கி போட்டபின் அதே மூன்று பேர் ஏறி நின்று பார்த்தபோது தாழ்வு 2 மி.மீ.க்குள் நின்றது, அதாவது 0.07 டிகிரி.

மோடம் அணைந்து எரிந்த கதை

மொத்தச் சுமையை கிளாம்ப் மீட்டரில் அளந்தபோது மோடம், பி.யூ.சி., எல்.என்.பி. (கீழே வரும் சிக்னலை வாங்கும் பெட்டி) சேர்ந்து 80 வாட், ரவுட்டர் 10, லேப்டாப் இரண்டும் 100, கேமராவும் கணினியும் 90. உச்சத்தில் 280 வாட். இன்வெர்ட்டரில் போகும் நட்டத்தையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 330 வாட், அதாவது 14 ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு.

லாரி பேட்டரியிலிருந்து பாடியின் பின்பக்க ரேக் வரை 7 மீட்டர், போகவர 14 மீட்டர். போட்டிருந்தது 2.5 சதுர மி.மீ. காப்பர் வயர். அதன் தடை 14 மீட்டருக்கு 0.11 ஓம். 14 ஆம்பியரில் 1.5 வோல்ட் வயரிலேயே போய்விடும். வெயிலில் சேஸ் ஓரம் வயர் சூடானால் தடை ஏறி 1.7 வோல்ட்டுக்கு மேல். இதோடு நெகட்டிவ் வயரின் லக்கை சேஸில், பெயின்ட்டின் மேலேயே போல்ட் போட்டு முறுக்கியிருந்தார்கள். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை அந்த லக்கிலும் வைத்தபோது 0.6 வோல்ட் காட்டியது. நல்ல எர்த் என்றால் 0.05-க்குள் இருக்க வேண்டும்.

பேட்டரி சுமையோடு 23.8 வோல்ட்டுக்கு இறங்கும்போது இன்வெர்ட்டரின் வாசலில் 21.5 தான் வந்து சேர்ந்தது. அதுவே அதன் கட்-ஆஃப் (தானாக நிற்கும் அளவு). பேட்டரியில் முக்கால்வாசி சார்ஜ் மிச்சமிருக்கும்போதே இன்வெர்ட்டர் நின்றுவிடுகிறது. நின்றதும் சுமை போய் வயரில் இழப்பும் போய்விடுவதால் வோல்ட்டேஜ் உடனே ஏறுகிறது. இன்வெர்ட்டர் மறுபடி ஓடுகிறது, சுமை ஏறுகிறது, மறுபடி நிற்கிறது. மோடம் அணைந்து அணைந்து எரிந்ததன் காரணம் இதுதான். ஒவ்வொரு முறையும் ஹப்பைப் பிடித்து உள்ளே நுழைய அதற்குச் சில நிமிடம் ஆகும், அதற்குள் அடுத்த அணைப்பு. ‘பேட்டரி வீக், மாத்துங்க சார்’ என்று புது பேட்டரி போட்டிருந்தாலும் இது தீர்ந்திருக்காது.

மாற்றம் இப்படி: ரேக்குக்குப் பக்கத்திலேயே 25.6 வோல்ட், 100 ஆம்பியர் மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி. கொள்ளளவு 2,560 வாட் மணி. 80 சதவீதம் மட்டும் எடுத்தால் ஏறக்குறைய 2,050. கேமரா எப்போதும் ஓடாததால் சராசரிச் சுமை 210 வாட். ஆறு மணி நேர முகாமுக்கு, இன்வெர்ட்டர் நட்டம் சேர்த்து, சுமார் 1,500 வாட் மணி போதும். இன்ஜின் ஓடத் தேவையில்லை. லாரியின் ஸ்டார்டிங் பேட்டரியைத் தொடவே தேவையில்லை. மலைமேல் லாரி ஸ்டார்ட் ஆகாமல் நிற்பது இணைப்பு அறுவதைவிடப் பெரிய தொல்லை.

ஆல்டர்நேட்டரிலிருந்து இந்த பேட்டரிக்கு நேராக வயர் இழுக்கக் கூடாது. லித்தியம் பேட்டரியின் உள்தடை குறைவு. கிடைக்கும் கரண்ட்டையெல்லாம் இழுக்கும். இன்ஜின் ஐடிலில் இருக்கும்போது ஆல்டர்நேட்டரின் விசிறி மெதுவாகச் சுற்றும், காயில் வெந்துவிடும். நடுவில் 20 ஆம்பியர் டி.சி.-டி.சி. சார்ஜர் வைத்தார்கள். இக்னிஷன் ஆன் ஆனால் மட்டும் அது ஓடும். மலையேறும் இரண்டு மணி நேர ஓட்டத்தில் ஏறக்குறைய 1,000 வாட் மணி ஏறும். மிச்சம் இரவில் ஷெட்டில் 230 வோல்ட் சார்ஜரில். லாரியின் ஸ்டார்டிங் பேட்டரியிலிருந்து சார்ஜருக்கு 16 சதுர மி.மீ. வயர், 20 ஆம்பியரில் இழப்பு 0.35 வோல்ட். வயரின் இரு முனையிலும், பேட்டரி டெர்மினலிலிருந்து ஒரு சாணுக்குள், 40 ஆம்பியர் ஃபியூஸ். இரண்டு பக்கமும் பேட்டரி இருப்பதால் ஒரு முனையில் மட்டும் ஃபியூஸ் வைத்தால் மறுமுனையிலிருந்து தீப்பிடிக்கலாம். லக்கை ஹைட்ராலிக் கிரிம்பிங் டூலில் அழுத்த வேண்டும், சுத்தியல் வேண்டாம். எர்த் லக் உட்காரும் இடத்தில் பெயின்ட்டை வெள்ளை இரும்பு தெரியும்வரை சுரண்டி, முறுக்கியபின் மேலே கிரீஸ் தடவ வேண்டும்.

இன்வெர்ட்டர் பியூர் சைன்வேவ் வகை, 600 வாட். பழைய சதுர அலை இன்வெர்ட்டரில் மோடத்தின் அடாப்டர் தொட முடியாத அளவு சூடேறியது.

கோஆக்ஸ் வயர்

பி.யூ.சி.க்கு வேண்டிய கரண்ட் தனி வயரில் போகவில்லை. மோடத்திலிருந்து சிக்னல் போகும் அதே கோஆக்ஸின் நடுக்கம்பி வழியாகத்தான் போகிறது. டிவி கடையில் கிடைக்கும் சாதா ஆர்.ஜி.-6 வயரின் நடுக்கம்பி இரும்பு, மேலே செம்புப் பூச்சு மட்டும். சிக்னலுக்கு அது போதும், ஏனென்றால் உயர் அதிர்வெண் அலை மேற்பரப்பில்தான் ஓடும். டி.சி.க்குப் போதாது. 15 மீட்டருக்கு அதன் தடை 1.4 ஓம். பி.யூ.சி. 1.9 ஆம்பியர் இழுக்கும்போது சுமார் 2.7 வோல்ட் நடுக்கம்பியிலேயே கரைகிறது. முழுச் செம்பு நடுக்கம்பியில் இது 0.6 வோல்ட்டுக்கு இறங்கும். காந்தத்தை வைத்துப் பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும், ஒட்டினால் வேண்டாம்.

எஃப் கனெக்டரில் சுயமாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் சுற்றி, வயர் கூரைக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட வேண்டும். நீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கெடும் டிஷ்களில் பல இந்தக் கனெக்டரில்தான் கெடுகின்றன.

மதிய மந்தம்

மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும், மதியம் ஏறக்குறைய 12.30 முதல் 12.50 வரையிலான நேரத்தில், சூரியன் இந்தச் செயற்கைக்கோளின் பின்னால் வரும். சில நாட்களுக்குச் சில நிமிடம் இணைப்பு போகும். அதற்கு மருந்து கிடையாது. ஆனால் இந்தப் புகார் வந்தது மே மாதத்தில், அதுவும் மணிக்கணக்கில். மோடத்தைக் கூரைத் தகட்டை ஒட்டிய மேல் அலமாரியில் வைத்திருந்தார்கள். வேலூர் வெயிலில் அந்த அலமாரிக்குள் 58 டிகிரி. மோடத்தின் அடித்தகட்டில் அச்சிட்டிருந்த உச்ச வரம்பு 40. ரேக்கைத் தரையோரம் இறக்கி, கீழே காற்று நுழையவும் மேலே வெளியேறவும் வலைபோட்ட துளை வைத்து, 24 வோல்ட் 120 மி.மீ. ஃபேன் இரண்டு மாட்டியதும் மந்தம் போயிற்று. புது பேட்டரியையும் அதே தரையோரத்தில் வைத்தார்கள். செல் சூடு 45–55 டிகிரியைத் தொட்டால் பெரும்பாலான லித்தியம் பேட்டரிகள் சார்ஜ் ஏறுவதை நிறுத்திவிடும்.

டிஷ்ஷைத் திருப்பும் முறை

ஜாக்கி போட்டு, ரசமட்டம் பார்த்தபிறகுதான் டிஷ்ஷைத் தொட வேண்டும். திசைகாட்டியை லாரியிலிருந்து நான்கு மீட்டராவது தள்ளி நின்று பார்க்க வேண்டும். பக்கத்தில் வைத்தால் இரும்பு அதை இழுத்துவிடும். 202 டிகிரித் திசையில் தூரத்து மரம் ஒன்றைக் குறித்துக்கொண்டு வந்து டிஷ்ஷை அங்கே திருப்பலாம். எலிவேஷனை டிஷ்ஷின் முகத்தில் அளக்கக் கூடாது. ஆஃப்செட் டிஷ் பார்ப்பதற்குச் சாய்வு குறைவாகத்தான் தெரியும். மவுன்ட்டில் இருக்கும் அளவுகோலைப் பின்பற்ற வேண்டும். வாங்கும் முன்பே அந்த அளவுகோல் 75 டிகிரிக்கு மேல் போகிறதா என்று பார்ப்பது முக்கியம். 70-இல் நின்றுவிடும் மவுன்ட் நம் ஊருக்கு ஆகாது.

சிக்னல் கிடைத்ததும் நிறுத்தக் கூடாது. எலிவேஷனை மெல்ல ஏற்றி, அளவு விழத் தொடங்கும் இடத்தைக் குறித்து, இறக்கி, மறுபக்கம் அதே அளவுக்கு விழும் இடத்தைக் குறித்து, இரண்டுக்கும் நடுவில் வைக்க வேண்டும். பழைய அரை டிகிரிப் பிசகு இதில்தான் ஒழிந்தது. பிறகு அசிமுத். போல்ட்டை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும், ஒரே பக்கம் முறுக்கினால் டிஷ் நகரும். மீட்டர் ஏறியும் மோடம் ஹப்பைப் பிடிக்கவில்லை என்றால் அது பெரும்பாலும் பக்கத்துச் செயற்கைக்கோள். எல்.என்.பி. ஸ்க்யூ (அதைச் சுழற்றி வைக்கும் கோணம்) எவ்வளவு என்பதை ஹப்பிலிருந்து கேட்டு வைத்து, ஹப் பொறியாளர் கிராஸ்-போல் (அலை தவறான தளத்தில் கசியும் அளவு) அளந்து சரி என்ற பிறகே டிரான்ஸ்மிட். அப்போது டிஷ்ஷுக்கும் ஃபீட் ஹார்னுக்கும் (அலையை டிஷ் மீது வீசும் கொம்பு) நடுவே யாரும் கையை நீட்டக் கூடாது, கூரையில் ஏறக் கூடாது.

பள்ளிக்கூடத்திலிருந்தோ ஊராட்சிக் கட்டடத்திலிருந்தோ 230 வோல்ட் இழுத்தால் லாரி நுழைவிலேயே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு கண்டால் தானாக அணையும் சுவிட்ச்) கட்டாயம், தரையில் எர்த் கம்பி கட்டாயம். டயர் மீது நிற்கும் இரும்பு லாரியில் லீக்கேஜ் இருந்தால் தரையில் நின்று கைப்பிடியைத் தொடும் ஆள்தான் எர்த் ஆவார். இடி இடித்தால் டிஷ்ஷை மடித்து, கோஆக்ஸை மோடத்திலிருந்து கழற்றிவிட வேண்டும்.

மாற்றங்களுக்குப்பின் ஆட்கள் ஏறி இறங்குவதால் இணைப்பு அறுவது நின்றது. சுமையோடு இன்வெர்ட்டர் வாசலில் 25 வோல்ட்டுக்குக் குறையவில்லை. கனமழையில் சில நிமிடம் போவது மட்டும் இருக்கிறது, இந்த இணைப்பு ஓடும் கே.யூ. பேண்டில் (12–14 கிகாஹெர்ட்ஸ் பக்கம்) அது தவிர்க்க முடியாதது. அதற்காகப் படங்களை முதலில் லேப்டாப்பில் சேமித்து, விட்ட இடத்திலிருந்து தொடரும் முறையில் அனுப்புகிறார்கள். மருத்துவரோடு நேரில் பேசும்போது கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே அரை நொடிக்கு மேல் தாமதம் இருக்கும். அலை 36,000 கி.மீ. உயரம் போய்த் திரும்புவதால் எந்த மவுன்ட்டும் அதைக் குறைக்காது.

மலையிறங்கும் வளைவுகளின் அதிர்வில் போல்ட் தளர்வது வழக்கம். எட்டு நட்டிலும், நட்டிலிருந்து பிளேட் வரை ஒரே கோடாக மஞ்சள் பெயின்ட் இழுத்திருக்கிறார்கள். ஒடுகத்தூர் வந்ததும் ஓட்டுநர் ஏணியில் ஏறி அந்தக் கோட்டைப் பார்க்கிறார். கோடு உடைந்திருக்கும் நட்டை மட்டும் டார்க் ரெஞ்சில் மறுபடி முறுக்கிப் புதுக் கோடு போடுகிறார்.